சாம்பிள் வேகிற நேரம்

போர்மேனின் விசில் கேட்டதும் ஜெயசுந்தர் முதலில் பிரிண்டரின் பிளக்கைப் பிடுங்கினார். அடுத்து மேஜை விசிறி. அடுத்து, இன்டர்நெட்டுக்கான கண்ணாடிக் கம்பி வந்து சேரும் சின்னப் பெட்டி. மேற்கே மலைக்கு மேல் மேகம் கறுத்து, ஆபீஸ் அறைக்குள் விளக்குப் போட வேண்டிய அளவுக்கு இருட்டியிருந்தது.

கணினி ஒன்றுதான் பாக்கி. அதன் திரையில் ஒரு ஜன்னல் திறந்து கிடந்தது. புதிதாக ஏற்ற வேண்டிய லினக்ஸுக்கான அமைப்புகள். நினைவகம் எவ்வளவு, வட்டு எவ்வளவு என்று வரிசையாகக் கேட்டு, நெட்வொர்க் என்ற பக்கத்தில் வந்து நின்றிருந்தது. அந்தப் பக்கத்தின் கடைசி வரியில் ‘கேபிள் கனெக்டட்’ என்று இருந்தது. பக்கத்தில் ஒரு டிக்.

இடி இன்னொரு முறை உருண்டது. இந்த முறை கிட்டத்தில். அவர் அந்த டிக்கையும் எடுத்தார். ஓகே கொடுத்து ஜன்னலை மூடினார். கணினியை அணைத்துவிட்டு, பின்பக்கம் கையை விட்டு நீலக் கேபிளை இழுத்து, அதன் நுனியை ஈரம் படாத இடமாகப் பார்த்து வைத்தார்.

வெளியே வந்தபோது ஷெட்டுகளிலிருந்து பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். தொட்டியில் கை கழுவினார்கள். மணிக்கட்டு வரை அலுமினியப் பொடியின் வெள்ளி நிறம். எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணில் கொஞ்சம் நிற்கும். யாரும் ஓடவில்லை. ஓடக்கூடாது என்பது வேலைக்கு வந்த முதல் நாளே சொல்லப்படுவது. போர்மேன் காளீஸ்வரன் ஒவ்வொரு ஷெட்டாகப் பார்த்துக் கதவைச் சாத்திக்கொண்டே வந்தார்.

“சார், எல்லாம் பிடுங்கியாச்சா?”

“பிடுங்கியாச்சு.”

“கம்பியூட்டரு?”

“அதுந்தான்.”

காளீஸ்வரன் மெயின் சுவிட்சை இறக்கினார்.

எம். புதுப்பட்டியைச் சுற்றியிருக்கும் பயர் ஆபீஸ்கள் எனப்படும் பட்டாசு ஆலைகள் எதிலும் இடி இடித்தால் வேலை நடக்காது. இந்தக் கம்பெனியில் அந்த நேரத்தில் சுவரில் ஒரு கம்பிகூடச் செருகியிருக்கக் கூடாது. ஜெயசுந்தர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மின்னல் டெலிபோன் கம்பி வழியாக வந்து ஆபீஸ் கணினியைக் கரியாக்கியது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கம்பி போன திசை வேறாக இருந்திருந்தால் என்று அன்று யாரும் பேசவில்லை. அதிலிருந்து இடிச் சத்தம் கேட்டால் அவருடைய கை தானாகப் போகும். சிவகாசியில் அறையில் இருக்கும்போதும், ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பிரசங்கத்தின் நடுவே இடித்தாலும், கை மடியிலிருந்து ஒரு முறை எழுந்து திரும்பவும் அமரும்.

கேட்டில் வாட்ச்மேன் நல்லசிவம் செல்போன்களைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். தபால் ஆபீஸில் இருப்பதுபோல மரத்தால் ஆன அடுக்கு. முதலாளியின் போன்கூட அதில்தான் இருக்க வேண்டும். ஜெயசுந்தரின் போனில் யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பேன்ட் பையில் பென்டிரைவ் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். இருந்தது. மழையில் பஸ்ஸுக்கு நின்றார்.

வேலை என்று சொன்னால் அவருக்கு இரண்டு வேலை. பகலில் பில் போடுவது, லோடு ஏறுவதைக் கணக்கில் ஏற்றுவது. மாலையில் அந்தக் கணக்கைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு சிவகாசியில் பஸ் மாறி, விருதுநகரில் முதலாளியின் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது. முதலாளிக் குடும்பத்துக்கு மூலத்தொழில் பயறு வியாபாரம். பட்டாசு பிறகு வந்தது. எல்லாக் கணக்கும் விருதுநகர்க் கடையில்தான் முடியும். பயர் ஆபீஸில் போன மாதம் வரை இன்டர்நெட் கிடையாது. அதனால் பென்டிரைவ் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் பிளாப்பி போனது. அதற்கும் முன்னால் காகிதம். கொண்டுபோனவர் ஒருவர்தான்.

அன்றும் போனார். திருத்தங்கல் தாண்டியதும் மழை விட்டிருந்தது. ஆமத்தூரில் தரை காய்ந்து கிடந்தது. விருதுநகரில் பஜாருக்குப் பின்தெருவில் நுழைந்ததும் வழக்கம்போல மிளகாய் வத்தல் நெடி மூக்கில் ஏறி ஒரு தும்மல் போட வைத்தது. கடையின் மரக்கதவில் ஒன்று மட்டும் திறந்திருந்தது. உள்ளே ஒரு விளக்கு.

“தும்மல் கேட்டுச்சு. சார் வந்துட்டாகன்னு அடுப்பப் போட்டேன்” என்றாள் அழகுமீனா.

கணக்குப் பார்ப்பவள். அவள் புருஷன் மினி லாரி ஓட்டுகிறான், மாதத்தில் பாதி நாள் ரோட்டில். பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் ஒருத்தி, பெயர் ஸ்ரீமதி. இவ்வளவும் ஜெயசுந்தருக்குத் தெரியும். அவரைப் பற்றி அவளுக்கு எவ்வளவு தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. அவள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

“புதுப்பட்டியில நல்ல மழை” என்றார்.

“இங்கன நாலு சொட்டுப் போட்டுச்சு. வத்தக்காரங்க பூரா தார்ப்பாயத் தூக்கிட்டு ஓடுனாங்க பாருங்க, கல்யாண வீட்டுல பந்திக்கு ஓடுற மாதிரி. விரிச்சு முடிச்சாங்க, மழை நின்னுபோச்சு. அந்தக் கோவத்துல ஒருத்தன ஒருத்தன் வையிறான்.”

அவள் பென்டிரைவை வாங்கிக் கணினியில் செருகினாள். அது பழைய பென்டிரைவ். திரையில் பச்சைக் கோடு எறும்பு போல நகர்ந்தது. கோடு முடியும் வரைக்கும் அவருக்கு அங்கே வேலையில்லை. முக்காலியில் உட்கார்ந்தார். மின்சார அடுப்பில் சின்னச் சட்டியில் தட்டாம்பயறு கொதித்துக்கொண்டிருந்தது. புரோக்கர்கள் பகலில் கொண்டுவரும் சாம்பிள் பொட்டலங்களில் ஒன்றைப் பிரித்து மாலையில் வேகவைப்பார்கள். எவ்வளவு நேரத்தில் வேகிறது, தோல் கழலுகிறதா, உள்ளே மாவாகிறதா என்று பார்ப்பார்கள். அவள் ஒரு கரண்டியை வாழையிலைத் துண்டில் வைத்து, உப்புத் தூவி நீட்டினாள்.

“சொல்லுங்க சார்.”

அவர் இரண்டு பயறை வாயில் போட்டு மெதுவாக மென்றார். பிறகு இன்னும் இரண்டு.

“தோலு தனியா நிக்குது.”

“அப்பப் பழைய சரக்கு.”

“பழசுதான். பாலீஷ் போட்டிருக்கான்.”

“அதான பாத்தேன். மூஞ்சி மட்டும் பளபளன்னு இருந்துச்சு” என்று அவளும் ஒரு வாய் போட்டுக்கொண்டாள்.

பகலில் அவருடைய அபிப்பிராயத்தை யாரும் எதற்கும் கேட்பதில்லை. பில்லில் என்ன எண் வரவேண்டுமோ அது வரும். இங்கே கேட்டார்கள். தினமும் கேட்டார்கள். நாளடைவில் அவருக்குப் பயறு பிடிபட்டிருந்தது. எந்த ஊர்ச் சரக்கு, எத்தனை மழை கண்டது என்று ஓரளவு சொல்வார். ஆடிக் கடைசி வெள்ளிக்கு அவள் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போய்வந்த மறுநாள் மட்டும் சாம்பிள் இல்லை. “திருநீறு உங்களுக்கு வேண்டாம், பொங்கல் சாப்புடுவீகல்ல?” என்று தூக்குச்சட்டியைத் திறந்தாள். சாப்பிட்டார்.

கோடு முடிந்தது. அவள் பென்டிரைவைத் திருப்பிக் கொடுத்தாள். அவர் எழுந்து கடைசிக்கு முந்தைய பஸ்ஸைப் பிடித்தார்.

*

புதிய ஏற்பாட்டை முதலாளி மணிகண்டராஜ் அந்த வாரத் தொடக்கத்தில் சொல்லியிருந்தார். வயதில் ஜெயசுந்தரைவிட இளையவர். அவருடைய அப்பா காலத்திலேயே ஜெயசுந்தர் வேலையில் இருந்ததால் அண்ணே என்பார்.

“மருதையில ஒரு கம்பெனி புது புரோகிராம் குடுத்திருக்காங்கண்ணே. லினக்ஸ்லதான் ஓடுமாம். இருக்குற கம்பியூட்டருக்குள்ளயே அதை ஏத்திக்கிடலாமாம். பில்லு போட்டு முடிச்சு ஒரு பட்டனத் தட்டுனா இங்கன விருதுநகருக்கு வந்துரும். சனிக்கிழமைக்குள்ள முடிச்சிருங்க. அப்புறம் நீங்க அம்புட்டு தூரம் பஸ்ல அலைய வேண்டாம் பாருங்க. நேரா வீட்டுக்குப் போகலாம்.”

“சரிங்க மொதலாளி.”

வீடு என்பது சிவகாசியில் ஓர் அச்சகத்தின் மேல் மாடியில் ஒரு அறை. அவர் போய்ச் சேரும்போது கீழே இயந்திரங்கள் நின்றிருக்கும். படிக்கட்டில் மை வாடை மட்டும் இருக்கும். கட்டில், ஸ்டவ், கயிற்றில் இரண்டு சட்டை. சுவரில் அச்சகக்காரர் கொடுத்த காலண்டர். அது அடுத்த வருஷத்தினுடையது. அவர்கள் எப்போதும் அடுத்த வருஷத்தை ஆடியிலேயே அச்சடித்துவிடுவார்கள்.

கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்தது. ஒன்று பெண் வீட்டிலேயே நின்றது. இன்னொன்றில் பெண் நர்ஸ். சாத்தூரில் அவர்கள் வீட்டு ஹாலில் பிஸ்கட் தட்டுக்கு முன்னால் அவர் உட்கார்ந்திருந்தபோது பெண்ணின் அப்பா கேட்டார்: “பயர் ஆபீஸ்ல வேலைன்னு சொன்னாக.”

“நான் ஆபீஸ் ரூம்லதாங்க. ஷெட்டுப் பக்கம் போறதே இல்ல.”

“ரூமும் அங்கனதான இருக்கு?”

அந்தப் பேச்சும் அதோடு நின்றது. ரூம் அங்கேதான் இருந்தது. அக்கா பாக்கியவதி வேலூரில் ஆஸ்பத்திரி வேலையில் இருந்து ஓய்வுபெற்று அங்கேயே தங்கிவிட்டாள். கிறிஸ்துமஸுக்குப் போன் செய்வாள். “ஒழுங்கா சாப்புடுறியாலே?” என்பாள். “சாப்புடுறேன்க்கா” என்பார். பேத்தி எதையோ இழுத்துப் போடும் சத்தம் கேட்கும். வைத்துவிடுவாள்.

*

இடி இடித்த மறுநாள் காலை வந்ததும் அவர் செய்த முதல் வேலை நீலக் கேபிளைத் திரும்ப மாட்டியது. மதுரைக் கம்பெனி அனுப்பியிருந்த தாளைப் பார்த்துப் பார்த்து லினக்ஸை ஏற்றினார். கணினிக்குள் இன்னொரு கணினி. வெளியே இருப்பது விண்டோஸ், உள்ளே இருப்பது லினக்ஸ். உள்ளே இருப்பதற்கும் வட்டு உண்டு, நினைவகம் உண்டு, கேபிள் உண்டு. எதையும் கையால் தொட முடியாது. மதியத்துக்குள் அது எழுந்து நின்று பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது. அவருக்கு அது பிடித்திருந்தது.

தாளில் கடைசி வேலை, விருதுநகருக்கு ஒரு பிங் அனுப்பிப் பார்ப்பது. ‘இருக்கிறாயா’ என்று கேட்பது மாதிரி. மறுமுனை இருந்தால் ‘இருக்கிறேன்’ என்று வரும். அனுப்பினார். நெட்வொர்க்கை எட்ட முடியவில்லை என்று வந்தது. கேபிளை அழுத்திப் பார்த்தார். மாட்டித்தான் இருந்தது. பச்சை விளக்கு மினுங்கியது. வெளிக் கணினியிலிருந்து அனுப்பினால் விருதுநகர் உடனே பதில் சொன்னது. உள்ளே இருப்பதற்குத்தான் யாரும் இல்லை. அது தன்னையே கூப்பிட்டால் மட்டும் பதில் வந்தது.

தேடிப் பார்க்க வழியில்லை. லைன் வந்த அன்றே, விருதுநகர் அலுவலகமும் வரித் தளமும் தவிர மற்ற எல்லாவற்றையும் மணிகண்டராஜ் அடைத்து வைக்கச் சொல்லிவிட்டார். முன்பு கடையில் ஒருவன் நாள் முழுக்கப் படம் பார்த்த கோபம். ஆகவே ஜெயசுந்தர் மண் பாதையில் கேட் வரைக்கும் நடந்து, போனை வாங்கி, மதுரைக் கம்பெனி ஆள் ஹரிபிரசாத்தைக் கூப்பிட்டார்.

“சார், ஸ்கிரீனை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க” என்றான் ஹரிபிரசாத்.

“போனை உள்ள கொண்டுபோகக் கூடாது தம்பி.”

“அப்ப சிஸ்டம் முன்னாடி உக்காந்துக்கிட்டு ஸ்பீக்கர்ல போடுங்க சார்.”

“நான் கேட்ல நிக்கேன்.”

“சிஸ்டம் எங்க இருக்கு?”

“ஆபீஸ்ல.”

“நீங்க?”

“கேட்ல.”

“சரி சார், நான் சொல்றதை எழுதிக்கங்க.”

பாழான லேபிள் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். முன்பக்கத்தில் பூச்சட்டிப் படம், சிவப்பு மட்டும் ஒதுங்கி அச்சாகியிருந்தது. திரும்ப நடந்துபோய் ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். வந்ததை லேபிளில் எழுதினார். கேட்டுக்கு நடந்தார்.

“ஐ.பி. எதும் வரல தம்பி. ‘நோ கேரியர்’னு வருது. டவுன்னு வருது.”

“கேபிள் மாட்டியிருக்கா சார்?”

“காலையில வந்ததும் அதத்தான மாட்டுனேன். லைட்டு எரியுது.”

“அப்ப கார்டு டிரைவரா இருக்கும் சார். இன்னொண்ணு சொல்றேன், எழுதிக்கங்க.”

நல்லசிவம் ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “என்ன சார் சொல்லுது அது?”

“கேரியர் இல்லங்குது.”

“அட, என் கேரியர்ல பாதித் தயிர்ச்சோறு கெடக்கு. கொண்டுபோய்க் குடுங்க. பசிச்ச பிள்ளையப் பட்டினி போட்டா எந்திரிக்குமா?”

ஜெயசுந்தர் சிரித்தார். சிரித்துக்கொண்டே பாதி வழி வந்தவர், அங்கே யாருமில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

அந்த நாள் அப்படியே போனது. அடுத்த நாளும் காலையிலிருந்து அதே நடை. லேபிள்கள் சேர்ந்தன. கார்டுக்கான டிரைவரை மாற்றிப் பார்த்தார். ஐ.பி. முகவரியைத் தாமே கொடுத்துப் பார்த்தார். அணைத்து எழுப்பினார். முழுதாக அழித்து இன்னொரு முறை ஏற்றினார். இயந்திரத்தின் அமைப்புகளை மட்டும் அப்படியே விட்டு, மேலே ஏற்றினார். எழுந்ததும் பெயர் கேட்டது. பிங் அனுப்பினார். எட்ட முடியவில்லை.

“இன்னைக்கு எத்தனாவது நடை?” என்றார் நல்லசிவம். “பேசாம ஒரு சைக்கிள் வாங்குங்க சார். இல்ல, கம்பியூட்டர இங்கன கொண்டாந்து என் ஸ்டூல்ல வைங்க. நான் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிடுதேன்.”

“நீரு பாத்துத் தூங்கிருவீரு.”

“அதுவுந்தான் தூங்குது, நானும் தூங்குனா என்ன?”

ஹரிபிரசாத்துக்கு அலுப்பு வந்துவிட்டது. மரியாதையாகத்தான் சொன்னான்: “சனிக்கிழமை வரைக்கும் பாருங்க சார். ஆகலைன்னா திங்கக்கிழமை நானே வந்துர்றேன்.”

முடியாமல் போனதில் ஜெயசுந்தருக்கு வருத்தம் இருந்தது. வருத்தம் மட்டும் இருந்தது என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு முறையும் எட்ட முடியவில்லை என்று வந்தபோது, அதை லேபிளில் எழுதும்போது, அவருடைய கையெழுத்து நிதானமாக இருந்தது. இன்று மாலையும் பஸ் உண்டு என்று அவர் நினைக்கவில்லை. ஆனால் பென்டிரைவ் பையில் இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மேஜை இழுப்பறையில் ஒரு புதிய பென்டிரைவ் உறை பிரிக்காமல் கிடந்தது. பழையது மெதுவாக இருக்கிறது என்று மணிகண்டராஜ் வாங்கிக் கொடுத்து ரொம்ப நாளாகிறது.

*

அன்று மதியத்துக்கு மேல் திரும்பவும் மேற்கே இருட்டியது. முதல் முழக்கம் கேட்டபோது அவர் கணினி முன்னால்தான் இருந்தார். காளீஸ்வரனின் விசில். பிரிண்டரைப் பிடுங்கினார், விசிறியைப் பிடுங்கினார், பெட்டியைப் பிடுங்கினார். லினக்ஸை அணைத்தார். அமைப்புகளைத் திறந்து நெட்வொர்க் பக்கத்துக்குப் போய், கடைசி வரியில் இருக்கும் டிக்கை எடுப்பதற்காக அம்புக்குறியைக் கொண்டுபோனார்.

டிக் இல்லை. கட்டம் காலியாக இருந்தது.

அவர் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது எப்போது காலியானது என்று நினைவுக்கு வர நேரமாகவில்லை. அன்றும் இதே விசில், இதே நாற்காலி. கையால் இழுத்த கேபிளை மறுநாள் மாட்டினார். இதை மாட்டவில்லை. இரண்டு நாளும் அது அவிழ்ந்தே கிடந்திருக்கிறது. உள்ளே இருப்பது உள்ளதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

இடி கூரைக்கு மேல் விழுந்தது போல இடித்தது. வாசலில் காளீஸ்வரன் வந்து நின்றார். “சார்! இன்னுமா பிடுங்கல? என்ன இப்படி உக்காந்திருக்கீக?”

“இந்தா.”

“முகமே சரியில்லையே. ஒடம்புக்கு எதும்…?”

“ஒண்ணுமில்ல காளீஸ்வரன். வாரேன்.”

டிக் போட அது நேரமில்லை. கட்டத்தை அப்படியே விட்டு மூடி, கணினியை அணைத்து, நீலக் கேபிளை இழுத்தார்.

கேட்டில் போனை வாங்கினார். ஹரிபிரசாத்தின் எண்ணை எடுத்தார். பிறகு போனைப் பையில் போட்டார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. சிவகாசி வரை மழை. விருதுநகர் பஸ்ஸில் ஏறிய பிறகுதான் அவர் தமக்குள் அதை முழு வாக்கியமாகச் சொல்லிப் பார்த்தார்: யாருக்கும் தெரியாது. நாளை வெள்ளி, மறுநாள் சனி. திங்கட்கிழமை ஹரிபிரசாத் வந்தால்தான் கண்டுபிடிப்பான். வராமலும் போகலாம். சீசன் நேரம், ஆர்டர் நெருக்குகிறது, தீபாவளி முடியட்டும் என்று முதலாளியே தள்ளிப்போடலாம். ஒரு காலிக் கட்டம். அதைக் காலியாக்கியது அவர்தான், ஆனால் இடிக்காகத்தான் எடுத்தார். திரும்ப மாட்டாததை யாரும் திருட்டு என்று சொல்ல மாட்டார்கள். ஆமத்தூர் வந்தது. தரை காய்ந்திருந்தது.

பின்தெருவில் தும்மினார்.

“வாங்க சார்” என்றாள் அழகுமீனா. சட்டியில் மொச்சை. பென்டிரைவைச் செருகினாள். பச்சைக் கோடு நகரத் தொடங்கியது. அவள் கைப்பை மேஜைமேல் தயாராக இருந்தது. அது எப்போதும் அங்கேதான் இருந்திருக்க வேண்டும். அன்றுதான் அவர் பார்த்தார்.

“அந்த லினக்ஸோ என்னமோ, அது சரியாயிருச்சா சார்? மொதலாளி கேட்டுக்கிட்டே இருந்தாக.”

“இன்னும் இல்ல மீனாம்மா.”

“சீக்கிரம் முடிச்சிருங்க சார், ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்” என்று சிரித்தாள். “ஸ்ரீமதி வெரலு மடக்கிக்கிட்டு இருக்கா. ‘இனிமே வெளக்கு வைக்க முன்ன வந்துருவீகல்லம்மா’ங்குதா. பக்கத்து வீட்டு வேலுத்தாய் மதினி வீட்டுலதான் உக்காந்து படிக்கும். அவுக டிவியப் போட்டுருவாக. இந்த வருஷம் பப்ளிக் பரீச்ச வேற.”

ஜெயசுந்தர் மேஜைமேல் இருந்த கைப்பையைத் திரும்பப் பார்த்தார். பிறகு கேட்டார்: “கடை எப்ப அடைப்பாங்க?”

“கடையா? அதெல்லாம் வெளிச்சத்துலயே அடைச்சிருவாகளே. சரக்குக் கிட்டங்கியப் பூட்டிச் சாவியக் குடுத்துட்டுப் போயிருவாக. நீங்க வந்து இத ஏத்துனாத்தான நான் கெளம்ப முடியும்?”

“இத்தன வருஷமுமா?”

“பின்ன?” அவள் மொச்சையைக் கரண்டியால் கிளறினாள். “மொதல்ல சும்மாதான் உக்காந்திருந்தேன். சுவத்தப் பாத்துக்கிட்டு எம்புட்டு நேரம் இருக்கிறது? சாம்பிளையாவது வேகவைப்போம்னு ஆரம்பிச்சது இது.”

“புரோக்கருக்குச் சொல்றதுக்குன்னு நெனச்சேன்.”

“அவுக காலையில வேற வேகவச்சுப் பாப்பாக சார், மொதலாளி முன்னாடி. இது நம்ம பசிக்கு.” இலைத்துண்டை நீட்டினாள். “ஆனா நீங்க சொல்றது நெறைய நாளு சரியாத்தான் இருக்கும். சொல்லுங்க, எப்படி இருக்கு?”

அவர் வாயில் போட்டார். சூடாக இருந்தது. மென்றார்.

“நல்லா வெந்திருக்கு.”

“அம்புட்டுதானா? ஊரு, மழை ஒண்ணும் சொல்லலையே இன்னைக்கு.”

“புதுச் சரக்கு. நல்ல சரக்கு.”

அவள் திரையைப் பார்த்தாள். “பாருங்க, ஒங்க பென்டிரைவு. ஆடி அசஞ்சு, நடந்துதான் வருது. மொதலாளி புதுசு ஒண்ணு வாங்கிக் குடுத்தாகன்னு சொன்னாகளே?”

“அது… எங்கயோ வச்சேன். தேடணும்.”

“இனி எதுக்கு அது?” என்றாள்.

கோடு முடிந்தது. அவள் அடுப்பை அணைத்து, சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். அவர் வழக்கமாக அதற்குமுன் கிளம்பிவிடுவார். அன்று நின்றார். அவள் விளக்கை அணைத்து மரக்கதவைச் சாத்தி, பூட்டை இழுத்துப் பார்க்கும் வரை தெருவில் நின்றார். அவள் செருப்பை மாட்டும்போதே நடக்கத் தொடங்கியிருந்தாள்.

“வாரேன் சார். பாத்துப் போங்க” என்று திரும்பாமலே சொன்னாள்.

*

மறுநாள் வெள்ளிக்கிழமை. வானம் வெளுத்திருந்தது. ஜெயசுந்தர் வழக்கமான பஸ்ஸில் வந்து போனை அடுக்கில் வைத்தார். பிளக்குகளை மாட்டினார். நீலக் கேபிளை மாட்டினார். கணினியைப் போட்டு, லினக்ஸின் அமைப்புகளில் நெட்வொர்க் பக்கத்துக்குப் போய், கடைசி வரியில் டிக் போட்டு ஓகே கொடுத்தார்.

லினக்ஸ் எழுந்தது. கேட்காமலே ஒரு முகவரி வாங்கிக்கொண்டது. 10.0.2.15. விருதுநகருக்குப் பிங் அனுப்பினார். பதில் வந்தது. அவர் நிறுத்தும் வரை வந்துகொண்டே இருந்தது.

கேட்டுக்கு நடந்துபோய் ஹரிபிரசாத்துக்குச் சொன்னார்.

“என்ன சார் பிரச்சினை?”

“கேபிள்தான் தம்பி.”

“நான் அன்னைக்கே கேட்டேனே சார்.”

“கேட்டீங்க.”

நல்லசிவம், “பிள்ளை சாப்புட்டிருச்சா?” என்று கேட்டார். சாப்பிட்டுவிட்டது என்றார்.

மாலையில் அன்றைய லோடுகளைப் புதிய புரோகிராமில் ஏற்றி அனுப்பினார். போய்ச் சேர்ந்தது என்று வந்தது. பேன்ட் பையிலிருந்து பென்டிரைவை எடுத்து இழுப்பறையில் புதியதன் பக்கத்தில் வைத்தார். கேட்டில் போனை வாங்கியபோது மணிகண்டராஜ் கூப்பிட்டார். “வந்துருச்சுண்ணே” என்றார்.

சிவகாசி பஸ் நிலையத்தில் விருதுநகர் பஸ் நின்றது. கண்டக்டர் அவரைப் பார்த்து, “சார், ஏறலையா?” என்றார். இன்றைக்கு இல்லை என்றார். பஸ் கிளம்பியது. கடையில் இரண்டு தோசை சாப்பிட்டார்.

அறைக்குப் போனபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. கீழே அச்சகம் ஓடிக்கொண்டிருந்தது. கட்டில் லேசாக அதிர்ந்தது. சட்டையைத் துவைத்துக் கயிற்றில் போட்டார். இருட்டியதும் விளக்கைப் போட்டார். பிறகு அச்சகம் நின்றது.